ஓடுகிறவனுக்குப் புது ஆள்

கோர்ட்டு டவாலி வாசலுக்கு வந்து ஒரு பேரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். அது இன்னாசியின் பேர் இல்லை, இன்னும் வரவில்லை, ஆனாலும் அந்தக் கரகரத்த குரல் வெளியே வரும்போதெல்லாம் அவன் ஒருதரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினொன்று அடித்து இருபது நிமிடம். கோர்ட்டு வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த நோட்டீசை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துக்கொண்டான். எடுத்துப் படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம். நீர் ஜாமீன் நின்ற எதிரி வாய்தாவுக்கு ஆஜராகவில்லை, தலைமறைவாகிவிட்டார், ஆகவே நீர் எழுதிக் கொடுத்த ஒரு லட்ச ரூபாயை ஏன் உம்மிடமிருந்து வசூல் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்லவும். காரணம் சொல்லவும். ஐம்பத்திரண்டு வயசில் இன்னாசியிடம் காரணம் கேட்டு வந்த முதல் கடிதம் இதுதான். என்ன காரணம் சொல்வது? நான் ஒரு மடையன் அம்மா, அதுதான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிற மாஜிஸ்திரேட் அம்மாவிடம் சொல்லலாமா? பணம் கட்டாவிட்டால் வீடு ஜப்தி. அமீனா வருவார், தெருவே வேடிக்கை பார்க்கும், எலிசா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து யார் நீங்க என்று கேட்பாள், ஏனென்றால் அவளுக்கு இன்றுவரைக்கும் ஒன்றும் தெரியாது. நோட்டீசைத் தபால்காரரிடம் தெருமுனையிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கியாயிற்று. வீட்டுக்குப் பச்சை வர்ணம் வேண்டும் என்று பெயிண்டுக் கடையில் ஒரு மணி நேரம் நின்று, அந்தப் பச்சை இல்லை, இந்தப் பச்சை இல்லை என்று கடைக்காரரைப் படுத்தி எடுத்து அவள் தேர்ந்தெடுத்த பச்சை. அந்தச் சுவரில்தான் ஜப்தி நோட்டீசை ஒட்டுவார்கள். பசை போட்டு ஒட்டுவார்களா, ஆணி அடிப்பார்களா? இதை ஏன் யோசிக்கிறோம் என்று அவனுக்கே எரிச்சலாக இருந்தது, ஆனாலும் யோசித்தான்.

யோசிக்க வேண்டிய விஷயம் வேறே இருந்தது. அதை யோசிக்காமல் இருக்கத்தான் பசையும் ஆணியும். காலையில், அவனை ஜாமீனுக்கு நிறுத்திய துரைசிங்கம் சொன்ன அந்த ஒரு வாக்கியம். சொல்லும்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தக்கூட இல்லை. "எதுக்குத் தம்பி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? லூர்து விசயத்த நான் முடிச்சு விடலையா? அவனுக்கும் இதே மாதிரிதான் நோட்டீஸ் வந்துச்சு. அவன் ஒரு ஆளக் கொண்டாந்தான், நான் வக்கீல விட்டுப் பணத்தக் கட்டி முடிச்சேன். நீயும் ஒரு ஆளக் கொண்டா. வரி ரசீது சுத்தமா இருக்கணும், இதுக்கு முன்ன எங்கயும் நின்னுருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள்ள வந்துட்டா இன்னைக்கே முடிச்சிரலாம்." இன்னாசி சரிண்ணே என்று தலையாட்டினான். தலையாட்டிவிட்டுப் பத்தடி நடந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போனபிறகுதான் அந்த வாக்கியம் அவனுக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் ஒரு ஆளைக் கொண்டுவந்தான். எந்த ஆளை? லூர்து இந்தக் கோர்ட்டு வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஆள் ஒரே ஒரு ஆள்தான். இன்னாசி ஒரு சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சைக்கிள்காரன் வந்து, "என்னண்ணே, எடுக்கணும்" என்றான். கையை எடுத்துக்கொண்டான்.

லூர்து. வேறு யார் செய்திருந்தாலும், ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். பதினாலு வருஷம் ஒரே பஸ்ஸில் அவன் டிரைவர், இன்னாசி கண்டக்டர். சிறுமலை ரூட். அந்த மலைப்பாதையில் சில வளைவுகளில் பஸ் ஒரே மூச்சில் திரும்பாது, கொஞ்சம் பின்னால் வந்துதான் திருப்ப வேண்டும், பின்னால் பள்ளம். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று விசில் அடிக்க வேண்டும், டிரைவர் அந்த விசிலைக் கேட்டுத்தான் வருவார். மற்ற டிரைவர்கள் விசிலையும் கேட்பார்கள், கழுத்தை நீட்டிக் கண்ணாடியிலும் பார்ப்பார்கள். லூர்து பார்க்கவே மாட்டான். "எதுக்கு மாப்ளே பாக்கணும், நீ நிக்கிறேல்ல" என்பான். அறுபது உயிரும் அவனும் இன்னாசியின் வாயில் இருந்த ஒரு விசிலை நம்பிப் பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள், பதினாலு வருஷம், ஒரு நாளைக்கு நாலு நடை. ஒரு தடவைகூட இன்னாசி தப்பாக அடித்ததில்லை. காய்ச்சலோடு அடித்திருக்கிறான், அப்பா செத்த மறுவாரம் அடித்திருக்கிறான். அதனால்தான், கம்பெனி பெர்மிட்டுகளை விற்றுவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் வாசலில் லூர்து தோளில் கை போட்டு, "கோர்ட்டுல ஒரு வேலை இருக்கு மாப்ளே, வந்து பாரு" என்றபோது இன்னாசியும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் நம்புவதுதான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது அவன் ஒருத்தன் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தது போல. இன்னும் இருக்கிறது, லூர்துதான் இன்னாசியின் மகன் டேவிட்டுக்கு ஞானத்தகப்பன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டதற்கு, கோயிலே அதிர விட்டுவிடுகிறேன் என்று சொன்னவன். ரொம்ப நன்றாகத்தான் விட்டான்.

வேலை என்பது இதுதான். ஒருத்தனுக்கு ஜாமீன் கிடைக்கிறது, ஆனால் அவனுக்காக எழுதிக் கொடுக்க வீடு வாசல் உள்ள ஆள் வேண்டும். வெளியூர்க்காரனுக்கு, வீட்டில் கைகழுவிவிட்டவனுக்கு எவன் வருவான்? கூலிக்கு வந்து நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் அந்த ஆட்களிடம் நேராகப் பேச மாட்டார்கள், அவர்களை நிறுத்துகிறவரிடம்தான் பேசுவார்கள். அப்படி நிறுத்துகிறவர்கள் இந்த வளாகத்தில் இரண்டு பேர். ஜெராக்ஸ் கடைத் தகரத்துக்குக் கீழே செல்லப்பாண்டி, கேண்டீன் பக்கம் துரைசிங்கம். புதிதாக வருகிறவன் இரண்டு பேரில் ஒருத்தரிடம் சேர்ந்தாக வேண்டும், தனியாக நின்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கலாம். இன்னாசி முதலில் போனது செல்லப்பாண்டியிடம். இதை நினைத்தால்தான் ஆற மாட்டேன் என்கிறது, முதலில் அங்கேதான் போனான். செல்லப்பாண்டி உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வீடு யார் பேருல?" என்றார். என் பேரில். "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" இன்னாசி ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தான். "நாளைக்கு அவுகளக் கூட்டிட்டு வாங்க. அவுக சரின்னாப் பாப்போம். அப்பவும் மூணு மாசம் சும்மா வந்து நின்னு பாருங்க, கையெழுத்தெல்லாம் பொறகு." இன்னாசிக்குச் சுருக்கென்று ஏறியது. அறுபது உயிரைக் காப்பாற்றினவனிடம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்கிறான். மூன்று மாசம் சும்மா நில் என்கிறான். பெரிய கலெக்டர் உத்தியோகம். அங்கிருந்து நேராகத் துரைசிங்கத்திடம் வந்தால், அவர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க தம்பி, லூர்து சொன்னாப்ல" என்றார். சர்க்கரை கம்மியாக ஒரு டீ வந்தது, இவன் கேட்காமலே. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்காதவனை நல்லவன் என்று நினைத்துக்கொள்கிற வியாதி இன்னாசிக்கு மட்டுமா இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, ஆனால் வீடு போவது இன்னாசிக்கு. அன்றைக்கே ஆறு பாண்டு பேப்பரை நீட்டினார், எல்லாம் வெற்றுப் படிவம், போட்டோவுக்கு இடம் விட்டு, கீழே பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தது. "அவசரத்துக்கு ஆகும் தம்பி, நீங்க வந்து ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு இருந்தா ஜெயிலு நேரம் முடிஞ்சிரும்." ஆறிலும் போட்டான். இனிஷியலைக்கூட விடாமல், அழகாக.

லூர்து அப்போது எங்கே இருந்தான்? இதைத்தான் மனசு போட்டு உழப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில்தான் நின்றான். ஏதாவது சொன்னானா? ஒரு தடவை, செல்லப்பாண்டியிடமிருந்து முகம் சிவந்து திரும்பி வந்தபோது, "அவரு டைட்டான ஆளுதான் மாப்ளே. யோசிச்சு நீயே முடிவு பண்ணு" என்றான். நீயே முடிவு பண்ணு. அது எச்சரிக்கையா? எச்சரிக்கை என்றால் அவ்வளவு மெதுவாகவா சொல்வார்கள்? இல்லை, நாளைக்கு நாம் எதுவும் சொல்லவில்லை, அவனேதான் முடிவு பண்ணினான் என்று சொல்லிக்கொள்வதற்காகச் சொன்னதா? இன்னாசி அந்த வாக்கியத்தை எடுத்து இப்படித் திருப்பிப் பார்த்தான், அப்படித் திருப்பிப் பார்த்தான். லூர்துவின் முகம் நினைவுக்கு வரவில்லை. சட்டைதான் வந்தது, காக்கி இல்லாத சட்டையில் அவனைப் பார்த்தே பழக்கமில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் லூர்து அவனைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. "வயிறு சரியில்ல மாப்ளே, நீ சாப்பிடு" என்றான். இன்னாசி என்ன செய்தான் தெரியுமா, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அவனுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வந்தான். குடிடா, கேஸா இருக்கும் என்றான். குடித்தான். தன்னை விற்றுவிட்டு வந்தவனுக்கு வயிற்றுவலி என்று சோடா வாங்கிக் கொடுத்தவன் உலகத்தில் இன்னாசி ஒருத்தனாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தூசி விழுந்த மாதிரி துண்டால் துடைத்துக்கொண்டான், பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி போனை நோண்டினார்.

ஜாமீன் எழுதிக் கொடுக்க உள்ளே போய் நின்ற அந்த நாளும் இப்படித்தான் வெயிலாக இருந்தது. ஞானோபதேசம் படிக்கிற பிள்ளை மாதிரி எதிரி பேர், அப்பா பேர், தெருப் பேர், எட்டு வருஷப் பழக்கம் என்று படித்துக்கொண்டு போனான். அம்மா கேட்டதற்கெல்லாம் தட்டாமல் சொன்னான். எதிரி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான், சீட்டுக் கம்பெனி நடத்தி ஊரை ஏமாற்றியவன், வெளியே வந்து இன்னாசியின் இரண்டு கையையும் பிடித்து, "மறக்க மாட்டேண்ணே" என்றான். நாற்பதாம் நாள் ஆளைக் காணோம். போன வாரம் நோட்டீசை எடுத்துக்கொண்டு வெட்கத்தை விட்டுச் செல்லப்பாண்டியிடம் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "துரைகிட்ட நிரந்தரமா நிக்கிற ஆளுக எட்டுப் பேரு இருக்காக. அவுகள ஓடுறவனுக்குப் போட மாட்டாப்ல, மாசம் பூரா அவருக்கு வேணும்ல. ஓடுறவனுக்குப் புது ஆளு. அதான் அவரு கணக்கு" என்றார். ஓடப்போகிறவன் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? "கேக்குறதுக்கு மேல குடுக்குறான்ல, அவன் ஓடுவான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குக்கூட இன்னாசி துரைசிங்கத்தை மட்டும்தான் திட்டினான். லூர்துவும் பாவம், நம்மைப்போல ஏமாந்தவன் என்று நினைத்தான். வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்காக இரக்கப்பட்டான்.

"அண்ணே, இன்னாசியண்ணன் நீங்கதான?" யாரோ கேட்டார்கள். நிமிர்ந்தான். இவன் வயசு இருக்கும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். "எம்பேரு அழகுமலை. மில்லுல ஃபிட்டரா இருந்தேன், போன வருசம் விருப்ப ஓய்வு குடுத்துட்டாய்ங்க. லூர்தண்ணன்தான் அனுப்புனாரு." இன்னாசியின் காதுக்குள் ஏதோ அடைத்துத் திறந்தது. "என்ன சொன்னாரு?" என்றான். "ஜாமீன் நிக்கிற வேலையில சேரணும்னா உங்களக் கேக்கச் சொன்னாரு. துரைசிங்கமா, செல்லப்பாண்டியா, நீங்க யாரச் சொல்றீகளோ அவருகிட்டச் சேரு, இன்னாசி சொன்னாச் சரியா இருக்கும்னாப்ல." அழகுமலை ஃபைலைத் திறந்தார். வீட்டு வரி ரசீதுகள். பதினெட்டு வருஷத்து ரசீதுகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். "ஒரு வருசங்கூடப் பாக்கி இல்லண்ணே. கீழ ரெண்டு ரூம்பு. மக வீட்டுக்காரரு தவறிட்டாரு, அவளுக்காக மேல ஒண்ணு இப்பத்தான் போட்டேன்" என்றார்.

லூர்து அனுப்பியிருக்கிறான். மத்தியானத்துக்குள் ஒரு ஆள் வேண்டும் என்று துரைசிங்கம் அவனிடமும் சொல்லியிருப்பார். தான் செய்ததற்கு ஈடாக, எங்கேயோ தேடி, சுத்தமான ரசீது உள்ள ஒருத்தரைப் பிடித்து, பஸ் ஏற்றி, இன்னாசியின் பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். தன் கையால் துரைசிங்கத்திடம் கொடுக்கவில்லை, முடிவை இவனிடமே விட்டிருக்கிறான். மறுபடியும் நீயே முடிவு பண்ணு. இது மன்னிப்பா? இல்லை, நீயும் என்னைப்போல ஆகிவிடு, அப்புறம் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்பதா? இரண்டும்தான் என்று தோன்றியது, இரண்டும் என்பதுதான் தாங்க முடியவில்லை. பச்சைச் சுவர் ஒருதரம் வந்து போனது. ஒரு வார்த்தை போதும். துரைசிங்கம் என்று சொன்னால் போதும், ஐந்து எழுத்தோ ஆறு எழுத்தோ, ராத்திரி வீட்டில் எலிசா போடுகிற சோற்றை அந்தப் பச்சைச் சுவருக்குள்ளேயே உட்கார்ந்து தின்னலாம். அழகுமலை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லப்பாண்டிகிட்டப் போங்க" என்றான் இன்னாசி. சொன்னது தான்தானா என்று ஒரு நொடி ஆச்சரியமாக இருந்தது. அழகுமலை உதட்டைப் பிதுக்கினார். "அங்க போயிட்டுத்தாண்ணே வாறேன். வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கறாப்ல. நான் என்ன, அவளக் கேட்டுக்கிட்டா மூச்சு விடுறேன்? துரைசிங்கம் தங்கமான மனுசன்னு கேண்டீன்ல சொன்னாக." "அவருகிட்ட வேணாம்." "ஏண்ணே?" ஏன் என்று சொல்ல வேண்டும். நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொன்னால் லூர்து என்னை விற்றான் என்று சொல்ல வேண்டும், உங்களையும் அவன்தான் அனுப்பியிருக்கிறான் என்று சொல்ல வேண்டும், ஆறு வெற்றுப் படிவத்தில் இனிஷியலோடு கையெழுத்துப் போட்ட அறிவாளி நான்தான் என்று முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வதென்றால், கேண்டீன் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து என்பதும் கண்ணில் பட்டது. "வேணாம்னா வேணாம், அவ்வளவுதான்" என்றான். குரல் தேவையில்லாமல் உயர்ந்துவிட்டது. அழகுமலை ரசீதுகளை அடுக்கினார். "நீங்க அவருகிட்டத்தான இருக்கீக?" "ஆமா." "ஓ" என்றார். ஃபைலை மூடி, ரப்பர் பேண்டை மாட்டினார். "புது ஆளு வந்தா உங்களுக்குக் கேஸ் கொறையும்னு நெனைக்கிறீக போல. வயித்துப் பொழப்புண்ணே, எல்லாருக்கும் அதான. தப்பா எடுத்துக்கிறாதீக." கோபம்கூட இல்லாமல்தான் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெயிலில் இறங்கி, கேண்டீனைப் பார்த்து நடந்தார்.

கூப்பிடலாம். இருபதடிதான். இன்னாசி பாதி எழுந்தான், பெஞ்சின் விளிம்பைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். இப்போதும் பார்ப்பார். வேட்டியைத் தூக்கிச் சாக்கடையைத் தாண்டுகிறார், இப்போதும் கூப்பிடலாம். நாம்தான் வேண்டாம் என்று சொன்னோமே, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னோமே, அதற்கு மேல் என்ன செய்வது, கையைப் பிடித்தா இழுக்க முடியும் என்று மனசு வரிசையாக எடுத்து வைத்தது. மனசு இவ்வளவு வேகமாக வேலை செய்து அவன் பார்த்ததில்லை. அங்கே துரைசிங்கம் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அழகுமலை உட்கார்ந்தார். டீ வந்தது. அவர் தலைக்கு மேலே துரைசிங்கம் இந்தப் பக்கம் பார்த்து, இன்னாசிக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், முடிந்தது, நல்ல வேலை செய்தாய் என்கிற மாதிரி. அப்போது இன்னாசிக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பின்னால்தான் வந்தது, ரொம்பப் பின்னால் இல்லை, ஆனால் நிம்மதிதான் முதலில் வந்தது. அதை அவன் பார்த்துவிட்டான், பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

பேர் கூப்பிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனான். இதற்கு முன் பார்த்தேயிராத ஒரு வக்கீல், துரைசிங்கம் அனுப்பிய ஆள், எழுந்து, ஜாமீன்தாரர் ஏழை, முதல் தடவை, தொகையைக் குறைத்தால் இன்றைக்கே கட்டிவிடுகிறார் என்று ஒரு தாளை நீட்டினார். அம்மா கட்டைப் புரட்டினார், எதையோ எழுதினார், நிமிர்ந்து பார்க்காமல், "கட்டுறீங்களா?" என்று கேட்டார். "கட்டுறேங்கம்மா" என்றான். அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீடு வீடாகவே இருந்தது. எலிசாவுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வெளியே போகிற வழி கேண்டீனைத் தாண்டித்தான். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று நடந்தான். மேஜையில் வெற்றுப் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அழகுமலை குனிந்திருந்தார், பேனாவை உதறினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, சற்றுமுன் நடந்த எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத முகத்தோடு சிரித்தார். "அண்ணே, இது எழுத மாட்டேங்குது. பேனா இருந்தாக் குடுங்களேன்." துரைசிங்கம் டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசியின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்து, மூடியைக் கழற்றி, கொடுத்தான். திரும்ப வாங்கிக்கொள்ள நிற்கவில்லை.